வாய்க்காலுக்கு அப்பால் ஒரு பிரெஞ்சு வாத்தியாரம்மா

"ஏன்டி வேதா, நீ பிராஞ்சு படிச்சி இன்னா பண்ணப்போற? ஏரித் தண்ணிக்கு உத்தரவு போடப்போறியா?"

களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தபோது என் தாய்மாமன் கேட்டது இது. சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மரக்காலின் தலையை வழித்துவிட்டு, அடுத்த மரக்காலுக்குக் குனிந்தார்.

வைக்கோல் தூசி கழுத்தில் ஒட்டிக்கொண்டு அரித்தது. சொறிந்தால் அழுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"உத்தரவு போடுறவங்க பொண்ணுங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப்போறேன் மாமா" என்றேன்.

"கேட்டுக்க மச்சான். இந்த வாய்க்கு மாப்ள கெடைச்ச மாதிரிதான்!"

மாமா கெட்டவர் இல்லை. என் காது குத்துக்கு என்னை மடியில் வைத்துக்கொண்டு, என்னைவிடப் பெரிதாக அழுதவர். ஆனால் செலியமேட்டில் ஒரு பெண் ஏதாவது ஒன்றைத் தொடங்கினால், அதை முதலில் சிரித்துப் பார்ப்பது அவருடைய பொறுப்பு என்று நினைத்திருந்தார்.

போன வாரம், நான் பாகூர் பள்ளிக்கூடத்தில் செர்த்திபிகா என்ற ஆரம்பப் படிப்புச் சான்றிதழ் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்லிப் பார்த்தேன், நன்றாக இல்லை.

செர்த்திபிகாவுக்கு மேலே இருந்தது பிரெவே. பெரிய பரீட்சை. முழுக்க பிரெஞ்சில் எழுத வேண்டும், பிறகு பரீட்சை அதிகாரிகளின் எதிரே உட்கார்ந்து பிரெஞ்சில் பேச வேண்டும். அந்த வருஷம் எங்கள் ஊருக்குப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு தருவதாகக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பேச்சு வந்தது. ஆனால் பாடம் சொல்ல பிரெவே வாங்கிய பெண் ஒருத்தி வேண்டும். வருஷத்துக்குள் கிடைக்காவிட்டால் அந்த வகுப்பு வேறு ஊருக்குப் போய்விடும்.

அந்த ஒருத்தி நானாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சொல்லிக்கொடுக்க ஆள்தான் இல்லை.

பத்திரம் எழுதிய பிரெஞ்சு

பாண்டிச்சேரியில் கன்னிமார் மடத்தில் தங்கிப் படிக்கலாம் என்றார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. தினம் போய்வரலாம் என்றால், யுத்த காலம். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் தவளக்குப்பத்தில் புளியமரத்தடியில் நின்று வீடு திரும்ப வேண்டியதுதான்.

பாகூரில் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருந்தார். அப்பா என்னை அவரிடம் கூட்டிப்போனார். அவர் மனசார ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் கிரயப் பத்திரப் பிரெஞ்சு. 'என் தாய்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். எழுதினேன். திருத்தித் தந்தார். அவர் திருத்திய பிறகு, என் அம்மாவுக்கு வடக்கே இன்னார் நிலம், தெற்கே வண்டிப்பாதை என்று நான்கு எல்லை சொல்லாத குறைதான்.

அதை அப்பாவுக்குத் தமிழில் படித்துக்காட்டினேன்.

"உங்கம்மாவ யாருக்கு விக்கிறோம்?" என்றார் அப்பா.

அதோடு குமாஸ்தா படிப்பு முடிந்தது.

கோழியைத் திட்டிய குரல்

எங்கள் களத்துக்குப் பின்னால் ஏரியிலிருந்து வரும் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. மதகுக்குப் பக்கம் என்பதால் அங்கே அகலமும் அதிகம், இரைச்சலும் அதிகம். அக்கரையில் ஓட்டு வீடு ஒன்று. ஊரில் அதற்கு சைகோன் வீடு என்று பெயர்.

அந்த வீட்டுக்காரர்கள் கிறிஸ்தவர்கள். சேரியிலிருந்து போனவர்கள். வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் எங்கள் களத்தில் நெல் தூற்றியவர். மகன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போய், அங்கே வேலையாகி, பணம் அனுப்பிக் கட்டிய வீடு அது. பெரியவர் காலமாகி, அவர் மனைவி மரியாயி மட்டும் அங்கே இருந்தார். யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மகன் தன் மனைவியைப் பிரசவத்துக்காகக் கப்பலேற்றித் தாயிடம் அனுப்பினார். குழந்தை பிறந்தது. கப்பல் நின்றுவிட்டது. அவர் அங்கே, இவர் இங்கே.

அந்த மருமகள்தான் செலஸ்தீன். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோன். சைகோனில் தம்பி தங்கையோடு மட்டுமே தமிழ் பேசியதால் உலகத்தில் எல்லோரையும் 'நீ' என்றே கூப்பிடுவார். மணியக்காரரைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்று அன்பாக விசாரித்து, அவர் ஊர்க்கூட்டம் கூட்டும் அளவுக்குக் கோபப்பட்டது தனிக் கதை.

ஒரு நாள் நான் களத்து ஓரம் புங்கமரத்தடியில் பிரெஞ்சுப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கரையில் ஒரு பெண் குரல் கோழியைத் திட்டிக்கொண்டிருந்தது. சாதாரணமாகத் திட்டவில்லை. ஏறி, இறங்கி, வளைந்து, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி எழும்பி, பிரெஞ்சில். கோழி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. நானும் கேட்டேன். புத்தகத்தில் செத்துக் கிடந்த பாஷை அங்கே கொக்கரித்துக்கொண்டிருந்தது.

நான் மறுபடி படிக்கத் தொடங்கினேன். இரண்டு வரி போயிருக்கும்.

"அப்படி இல்ல!" என்றது அக்கரைக் குரல். "நீ படிக்கிறது கல்லு ஒடைக்கிற மாதிரி இருக்கு. நான் சொல்றேன், கேளு!"

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்று அந்த வரியை அவர் சொன்னார். தண்ணீர் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்திச் சொன்னார். கத்தியும்கூட அது அழகாக இருந்தது.

"எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்று கத்தினேன்.

"ஆமா! பேச ஆளில்லாம என் வாயி பூசணம் புடிச்சிப் போச்சு! நீ வா!"

வா என்பது சுலபம். வாய்க்காலில் கொஞ்சம் மேலே தள்ளிப் பனைமரப் பாலம் இருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதன்மேல்தான் வந்து போனார்கள். எங்கள் தெருப் பெண்கள் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை.

இக்கரை, அக்கரை

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு ஊதாங்குழலைத் தரையில் வைத்தார்.

"அந்த வூட்டு வாசப்படிய மிதிச்சேன்னா கால ஒடிச்சிடுவேன்."

"அப்ப அவங்கள இங்க வரச் சொல்லட்டுமா?"

"வரட்டும். தோட்டத்துல நின்னு சொல்லிக் குடுக்கட்டும்."

அதை அப்படியே வாய்க்கால் கரையிலிருந்து சொன்னேன். அக்கரையில் செலஸ்தீனுக்குப் பதிலாக மரியாயி வந்து நின்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரரு நின்ன தோட்டம் அது. எம் மருமவ நிக்க மாட்டா. போய்ச் சொல்லு உங்கம்மாகிட்ட."

இரண்டு வீட்டிலும் இரண்டு பெண்கள் ஒரே பிடிவாதத்தோடு இருந்தார்கள். ஒருவர் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் என் அம்மா என் அம்மாதான்.

வழி சொன்னது அப்பா. எங்கள் ஊரில் தண்ணீர் முறைக்குத் தகராறு வந்தால், மேல்மடைக்காரர்கள் ஒரு கரையிலும் கீழ்மடைக்காரர்கள் மறு கரையிலும் நின்று பேசித் தீர்ப்பார்கள். கைகலப்பு ஆகக்கூடாது என்பதற்காக யாரோ எப்போதோ வைத்த முறை.

"வாய்க்கா யாரு பேருலயும் இல்ல" என்றார் அப்பா. "நீ இங்க குந்து. அந்தப் பொண்ணு அங்க குந்தட்டும். யாரு வாசலையும் யாரும் மிதிக்க வாணாம்."

அப்படித்தான் நான் பிரெவேக்குப் படிக்கத் தொடங்கினேன். நான் புங்கமரத்தடியில். அவர் அக்கரையில் பனைகளின் நிழலில், பக்கத்தில் குழந்தை ரோஸ் மண்ணில் விளையாட. நடுவே ஏரித் தண்ணீர்.

செலஸ்தீன் ஒரு வரி சொல்வார், நான் எழுதுவேன். அதற்கு தீக்தே என்று பெயர். முற்றுப்புள்ளி வைத்து அடுத்த வரிக்குப் போக வேண்டுமென்றால், "புவேன்! அலாலீஞ்!" என்று கத்துவார். எழுதி முடித்த தாள்களைத் துணியில் முடிந்து, சற்றுத் தள்ளி வாய்க்கால் ஒடுங்கும் இடத்தில் வைத்துவிட்டு வருவேன். அவர் முருங்கைக்காய் பறிக்கும் துரட்டிக்கோலை நீட்டி, கொக்கியில் மாட்டி இழுத்துக்கொள்வார். ஒருமுறை முடிச்சு அவிழ்ந்து, பிரான்சு தேசத்துக் குளிர்காலத்தைப் பற்றிய என் கட்டுரை பாகூர் வயல்களுக்குப் பாய்ந்துவிட்டது.

அவர் சம்பளம் கேட்கவில்லை. பாடம் முடிந்ததும் அவர் பேசுவதை நான் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். சைகோன் ஆற்றங்கரைச் சந்தை, அங்கே வாழையிலையில் மடித்து விற்கும் பலகாரம், கணவர் சவரம் செய்யும்போது சீட்டியடிப்பது. சீட்டியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கத்தாமல் சொல்வார். அதனால் எனக்குப் பாதிதான் கேட்கும்.

மாசி மாதம் பக்கத்து வயலில் நடவு நடந்தது. சில நாள் கேட்டுக்கொண்டே நட்ட பெண்களுக்கு எங்கள் பாடம் பழகிவிட்டது. ஒரு வரிசை நட்டு முடித்து நிமிர்ந்ததும் முதல் ஆள், "புவேன்!" என்பாள். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து, "அலாலீஞ்!" என்று கத்திவிட்டு அடுத்த வரிசைக்கு இறங்குவார்கள். இப்போதும் எங்கள் பக்கம் நடவுக்கு வந்தால் நீங்கள் அதைக் கேட்கலாம். ஏதோ சாமி பேர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

சித்திரையில் வாய்க்கால் வறண்டது. தண்ணீர் இரைச்சல் போய்விட்டது. ஆனால் வெயில் ஏறியதால் நான் புங்கமரத்துக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன், அவர் வீட்டு நிழலுக்குப் போய்விட்டார். தூரம் கூடியது. இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தினோம்.

புறாக்கள் பறந்தன

ஆடி பிறந்த சமயம் பரீட்சை. அப்பா வண்டி கட்டி என்னைத் தவளக்குப்பத்துக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பஸ்ஸில் பாண்டிச்சேரிக்கு.

எழுத்துப் பரீட்சை எனக்குச் சிரமமாகவே இல்லை. சொல்லப்போனால், தீக்தே படித்த துரையின் குரல் போதவில்லை என்று தோன்றியது. பட்டணத்துப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினேன். மாடு கத்தவில்லை, காற்றடிக்கவில்லை, தாள் பறக்கவில்லை. இப்படியும் சொகுசாக எழுதலாமா என்றிருந்தது.

எழுத்தில் தேறியவர்கள் பேரைப் படித்தார்கள். என் பேரும் இருந்தது. சில நாள் கழித்து வாய்ப்பரீட்சை.

உயரமான கூரை வைத்த அறை. வெள்ளைச் சுவர். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த தாடிக்காரத் துரை. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு மேஜைதான்.

நான் வணக்கம் சொன்னேன். பிரெஞ்சில். எனக்குத் தெரிந்த விதத்தில்.

மேலே காற்றுத் துவாரத்தில் இருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. துரை நாற்காலியோடு பின்னால் போனார். வராந்தாவில் காத்திருந்த பெண்களிடமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம்.

"மத்மோஸேல், நான் இங்கேயேதான் இருக்கிறேன்" என்றார் துரை. கோபமாகச் சொல்லவில்லை.

அவர் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னார். குரலைத் தாழ்த்தினேன். அப்போதுதான் தெரிந்தது. தாழ்ந்த குரலில் எனக்குப் பிரெஞ்சு வரவே இல்லை. அந்த மொழியை நான் அடிவயிற்றிலிருந்து வாய்க்காலுக்கு மேலே எறிந்தே பழகியிருந்தேன். மெதுவாகச் சொன்னால் வார்த்தை தொண்டையிலேயே நின்றது. உரக்கச் சொன்னால் மூன்று பேரும் கண்ணைச் சுருக்கினார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எனக்கு விடை தெரியும். இன்றைக்கும் தெரியும்.

வெளியே வந்தபோது அப்பா வேப்பமரத்தடியில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"இங்க வரைக்கும் கேட்டுச்சும்மா" என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு."

வாய்ப்பரீட்சையில் தோல்வி. எழுத்து மதிப்பெண் செல்லும். ஐப்பசிக்கு முன்னால் இன்னொரு முறை பேசிக்காட்டலாம் என்றார்கள். அதிலும் தவறினால் வருஷம் போய்விடும். வருஷத்தோடு எங்கள் ஊர் வகுப்பும் போய்விடும்.

பாலம்

புங்கமரத்தடியில் நின்று நடந்ததைச் சொன்னேன். புறா பறந்ததைச் சொன்னபோது செலஸ்தீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் தப்பு! ஒரு வார்த்த உன் பக்கத்துல உக்காந்து பேசினதில்ல நான்! உன் மூஞ்சி எப்படி இருக்குன்னு கூட எனக்குச் சரியாத் தெரியாது!"

எனக்கும் அவர் முகம் சரியாகத் தெரியாது. மூக்குத்தி போட்டிருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது.

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார், பிறகு மீறிப் போனதாகும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே நடந்து பாலத்தில் ஏறினேன். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஒருத்தியும் அலாலீஞ் சொல்லவில்லை.

சைகோன் வீட்டு வாசலில் மரியாயி முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட வாயெடுத்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டு அது வரவில்லை.

"அம்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "களத்துக்காரரு வூட்டுப் பொண்ணா? இன்னா வேணும்?"

"படிக்கணும்."

"படிப்புதான் வாய்க்காங்கரையில நடக்குதே. ஊரே கேக்குது."

"அங்க கத்தத்தான் முடியுது. பேசிப் பழகணும்."

அவர் முறத்தைத் தட்டினார். "எங்க வூட்டுக்காரரு உங்க வாசல்ல நெல்லு அளந்து முடியற வரைக்கும் நிப்பாரு. ஒரு நாளு கூட குந்துன்னு ஒரு சொல்லு யாரும் சொன்னதில்ல. நீயும் நில்லு."

நின்றேன். செலஸ்தீன் கதவருகே வந்து ஏதோ சொல்லப் பார்த்தார்.

"நீ சும்மா இரு" என்றார் மரியாயி.

அரிசியில் கல் அதிகம் இல்லை. இருந்தும் அவர் ஒவ்வொரு மூலையாக ஒதுக்கி, திருப்பி, மறுபடி பார்த்தார். வெயில் என் தோளிலிருந்து முதுகுக்கு நகர்ந்தது. உள்ளே காப்பி வாசனை வந்தது. கடைசியாக முறத்தைக் கீழே வைத்தார்.

"கால் வலிக்குதா?"

"இல்ல."

"பொய்யி."

"வலிக்குது."

"அவருக்கும் வலிச்சிருக்கும்." கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு, "உள்ள போ. காப்பி ஆறிப்போவுது" என்றார்.

போனேன். குடித்தேன். சர்க்கரை கிடைக்காத காலம், வெல்லக் காப்பி. டம்ளரை உதட்டில் வைத்தே குடித்தேன்.

செலஸ்தீன் மூக்குத்தி போடவில்லை. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது.

தூளிக்குப் பக்கத்தில்

பாடம் நடந்த அறையில் ரோஸ் தூளியில் தூங்கினாள். அதுதான் செலஸ்தீன் கண்டுபிடித்த வழி. பிரெஞ்சில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், குழந்தை விழித்தால் அன்றைய பாடம் முடிந்தது.

முதல் நாள் நான் வணக்கம் சொன்னதிலேயே பாடம் முடிந்தது. அடுத்த நாள் ஒரு பத்தி வரை போனோம். புரட்டாசி பிறப்பதற்குள், ஏரியைப் பற்றி, மடையைப் பற்றி, யாருக்கு எந்த நாளில் தண்ணீர் என்பதைப் பற்றியெல்லாம் முழு நேரமும் பேசப் பழகிவிட்டேன். தூளி அசையாது. தாழ்ந்த குரலில் அந்த மொழி வேறு மாதிரி இருந்தது. வெட்கப்படவும் கேலி செய்யவும் அதில் இடம் இருந்தது. கணவர் சீட்டியடிக்கும் கதையை முழுசாகக் கேட்டது அந்த அறையில்தான். அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியதும் அங்கேதான்.

வீட்டில் அம்மா முதல் நாள் மாலையே தெரிந்துகொண்டார். காலை ஒடிக்கவில்லை. "குளிச்சிட்டு உள்ள வா" என்றார், அவ்வளவுதான். மறுபடி தண்ணீர் வந்திருந்த வாய்க்காலிலேயே தினம் முழுகிவிட்டு ஈரத் தலையோடு வீட்டுக்குள் போனேன். மாமா விஷயம் கேள்விப்பட்டுத் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஊரு இன்னா பேசுது தெரியுமா? பொண்ண இப்பிடியா வுடுவ?"

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தார். "எம் பொண்ணுக்கு எது சொல்லணுமோ நான் சொல்லிக்கிறேன். நீ உம் பொண்டாட்டிய சமாளி, போ."

மாமா போனார். சில நாள் கழித்து நான் குளித்துவிட்டு வந்தபோது தலையைத் தொட்டுப் பார்த்து, "தெனம் முழுவி சளி புடிச்சிக்காத. பரீச்சையில தொண்ட கட்டிக்கும்" என்றார். அதற்குப் பிறகு குளிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இன்றுவரை வரவில்லை.

இரண்டாம் முறை அறைக்குள் நுழைந்தபோது தாடிக்காரத் துரைக்கு என்னை நினைவிருந்தது. நான் வாய் திறப்பதற்கு முன்பே நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மற்ற இருவரும் காகிதத்தால் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் ரோஸைத் தூளியில் நினைத்துக்கொண்டு வணக்கம் சொன்னேன்.

துரை நாற்காலியை மெல்ல முன்னால் நகர்த்தினார். பிறகு இன்னும் கொஞ்சம். என் ஊரைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். இடையில் நான் சொன்ன ஒன்றை மறுத்தார், நானும் பதிலுக்கு மறுத்துப் பேசினேன். கடைசியில் யாரிடம் படித்தாய் என்று கேட்டார்.

"செலியமேட்டில் மதாம் செலஸ்தீன்" என்றேன். "என் அக்கா."

மாலையில் தேறியவர்களோடு என் பேரையும் படித்தார்கள். அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார்.

பலகை

வகுப்பு எங்கள் ஊருக்கே என்று கொம்யூன் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆனால் கட்டடம் இல்லை, இடத்தை நீயே பார்த்துக்கொள் என்றார்கள்.

மாமா தம் வண்டிக் கொட்டகையைத் தருவதாகச் சொன்னார். நல்ல கொட்டகை. எங்கள் தெருவிலேயே இருக்கிறது. "நம்ம பொண்ணுங்க உள்ள குந்தட்டும். அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க வெளிய நெழல்ல குந்திக் கேக்கட்டும். யாரு வாணாங்கறது?" என்றார். மனசாரத்தான் சொன்னார். அவருக்கு அது தாராளம்.

வேண்டாம் என்றேன்.

சைகோன் வீட்டை ஒட்டி மாடு கட்டிய கொட்டகை ஒன்று காலியாக இருந்தது. மரியாயி அம்மாவிடம் கேட்டேன். "சாணி நாத்தம் போவாது, பாத்துக்க" என்றார். அதுதான் சம்மதம். எங்கள் தெருவில் பலர், அக்கரைக்குப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அனுப்பாவிட்டால் வகுப்பு நிலைக்குமா என்பது எனக்குத் தெரியவில்லை.

கரும்பலகை எங்கள் களத்தில்தான் வந்து இறங்கியிருந்தது. என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. ஆளைக் கூப்பிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கரையில் மரியாயி அம்மாவின் குரல் கேட்டது.

"பலக தானா நடந்து வருமா? போய் ஒரு பக்கம் புடி, போ!"

மருமகளிடம் சொன்னார். செலஸ்தீன் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலம் கடந்து எங்கள் களத்துக்கு வந்தார், முதல்முறையாக. அம்மா களத்தின் ஓரத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீ சாப்பிட்டியா?" என்றார் அக்கா.

அம்மா என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "ஆச்சி" என்றார்.

ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பாலத்தில் ஏறினோம். அக்கா முன்னால் பின்னோக்கி நடந்தார். அவர் எங்கே கால் வைக்க வேண்டும் என்று நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பைத் தொடங்கினேன். அக்கரைப் பெண்கள் வந்தார்கள். இக்கரையிலிருந்து ஒருத்தியும் வரவில்லை. மறுநாள் காலையில் பாலத்தின் இக்கரை முனையில் போய் நின்றுகொண்டேன். எங்கள் தெருவிலிருந்து வந்த ஒருத்தியின் கையைப் பிடித்து அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.